ஐந்து பேர் இருந்தால் வகுப்பு

மாப்பிள்ளையின் மாமா வந்திருந்தார். பேச்சை அவர்தான் தொடங்குவார் என்று முதலே சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா வந்திருந்தார். அவருடன் பிறந்த மூத்த ராத்தா வந்திருந்தார், காது கொஞ்சம் மந்தம். தரகர் வந்திருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. எங்கள் பக்கம் என் உம்மா இருந்தார், கதவு நிலைக்கு உள்ளே. தங்கச்சி இருந்தாள், குசினியில். நான் இருந்தேன். வாப்பா இல்லை. வாப்பா இல்லாமல் போய் இருபது வருடம் கடந்துவிட்டது. அதனால் கதைக்க வேண்டியவன் நான்.

நான் கதைக்கிற ஆள் இல்லை. மேசன் வேலை. ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் பாடசாலை. அதற்குப் பிறகு கல்லும் சீமெந்தும்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் கட்டுகிறவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். வாப்பா கட்ட வேண்டிய வீட்டை, அவர் இல்லாத இடத்தில் கூடப்பிறந்த காக்கா கட்ட வேண்டும். தங்கச்சியின் வீடு எங்கள் வளவின் முன்பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. மற்றவர்களின் வீட்டில் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு அதில் இரண்டு வரிசை கல் வைப்பேன். சில நாட்களில் ஒரு வரிசை. சில நாட்களில் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

மாப்பிள்ளையின் உம்மாதான் முதலில் கேட்டார்.

"புள்ள என்ன படிக்கிறா?"

தரகர் முந்திக்கொண்டார். "உடம்பு சம்பந்தமான படிப்பு. மெய்யியல். மெய்யெண்டா உடம்புதானே. முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரியில எடுப்பாங்க."

தரகர் என்னிடம் கேட்டபோது நான் சொன்னது மெய்யியல் என்கிற ஒரு சொல். நான் கொடுத்தது ஒரு கல். அவர் அதில் ஆஸ்பத்திரியே கட்டிவிட்டார்.

காது மந்தமான ராத்தா கையைக் காதில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"என்ன, மையத்தா?"

"மெய்யியல் ராத்தா, மெய்யியல்."

"மையத்துக் குளிப்பாட்டுற படிப்பா? நல்ல படிப்பு. நம்மட ஊருல பொம்பிளை மையத்தெண்டா குளிப்பாட்ட ஆளில்லாம தவிக்கிறம். நான் மௌத்தானா ஆரு வாறது எண்டு எனக்கு ஒரே யோசனை. இப்ப அதுக்கும் கெம்பஸ் வெச்சிருக்கானுகளா?"

தங்கச்சி பிளேன்டித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவள் சிரித்ததில் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டன. தட்டை வைத்துவிட்டு அந்த மனிசியின் பக்கத்தில் குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

"இல்ல பெரியும்மா. மையத்தும் இல்ல, உடம்பும் இல்ல. இதுல மெய்யெண்டா உண்மை."

தரகர் பிளேன்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உண்மையப் படிக்கிறதுக்குக் கெம்பஸ் போகணுமா மகள்? மத்ரசாவுல ஓதினது காணாதா?"

"காணும் மாமா. இது என்னெண்டா, ஒண்ட உண்மையெண்டு சொல்றமே, அதுக்கு எப்பிடி வந்து சேர்ந்தம் எண்டு பாக்கிறது."

"வந்து சேந்தாச்சா?"

"இன்னும் இல்ல. ரெண்டாம் வருஷம்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாகூடச் சிரித்தார். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப மையத்து இல்லியா?" என்று பக்கத்தில் கேட்டார். அவருக்கு அது கவலையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி இல்லையென்று தெரிந்தும் அவர்கள் எழுந்து போகவில்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அக்கரைப்பற்றில் போன் திருத்துகிற கடை. மாமா கதையை என் பக்கம் திருப்பினார்.

"மூணு வருஷத்தில முடியிற படிப்புத்தானே?"

"ஓம்."

"சில புள்ளைகள் நாலாம் வருஷம் அது இது எண்டு இழுக்கிறதா கேள்வி. எங்களுக்கு அது சரிவராது. மூணாம் வருஷம் முடிய வீடும் முடியணும். அதுக்கு அடுத்த மாசம் காவின் எழுதிக் கலியாணத்த முடிச்சிருவம்."

"ஓம்" என்றேன்.

அவர்கள் போன பிறகு உம்மா மிச்சமிருந்த தொதலைத் தட்டோடு எடுத்து மூடி வைத்தார். எனக்கும் நிந்தவூரில் ஓர் இடம் பேசி வைத்திருந்தது. அந்தப் பெண்ணின் வீடு பூச்சு வரைக்கும் முடிந்து நின்றது. தங்கச்சியின் காரியம் முடிந்தால்தான் என் காரியம். முப்பத்தைந்து வயதாகிவிட்டது. மூன்றாம் வருட முடிவு என்பது எனக்கும் ஒரு முடிவாக இருந்தது.

காலையில் தங்கச்சியை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். அதைத் தாண்டி அவளைக் கெம்பஸ் வாசலில் இறக்கிவிட்டு நான் அக்கரைப்பற்றுக்குப் போவேன். அங்கே ஒரு மாடி வீட்டு வேலை. பின்னேரம் அவள் பஸ்ஸில் திரும்புவாள்.

மோட்டார் சைக்கிளில் அவள் கதைத்துக்கொண்டே வருவாள். பாதி காற்றில் போய்விடும். மிச்சப் பாதியில் எனக்கு விளங்குவது கொஞ்சம். கதிரை இருக்கிறதை எப்படி அறிகிறோம் என்று ஒருநாள். ஒரு ஊரின் கதையை எழுதும்போது யார் எழுதவில்லை என்று பார்க்க வேண்டும் என்று ஒருநாள். ம் என்பேன். வளைவில் ம் சொல்ல மாட்டேன். அவளும் வளைவில் நிறுத்திவிட்டு நேர் ரோட்டில் தொடங்குவாள்.

வீட்டிலும் அப்படித்தான். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தி இருந்து கேட்பாள்.

"உம்மா, இந்தக் கத்தி உண்மையா இரிக்கி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"விரல வெச்சிப் பாரு."

"அது வலி இரிக்கி எண்டுதானே காட்டும். கத்தி இரிக்கி எண்டு காட்டுமா?"

"செதிள அள்ளு முதல்ல. கத்தி இரிக்கா இல்லியா எண்டு மீன் ஆணத்தில பாப்பம்."

பெண் பார்த்துப் போன கிழமை, காரைதீவு தாண்டியதும் அவள் என் தோளில் தட்டினாள்.

"காக்கா."

"ம்."

"நாலாம் வருஷம் எண்டு ஒண்டு இரிக்கி."

அவள் விளங்கப்படுத்தினாள். மூன்று வருடம் என்றால் பொதுப் பட்டம். எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம். நாலு வருடம் என்றால் சிறப்புப் பட்டம். அவளுக்கு மெய்யியல், அதோடு சமகால வரலாறு. இரண்டாம் வருட முடிவில் பெயர் கொடுக்க வேண்டும். வரலாற்று ஒப்படையில் நல்ல புள்ளி வேண்டும். அதுவும் ஐந்து பேர் சேர்ந்தால்தான் நாலாம் வருட வகுப்பு நடத்துவார்கள். குறைந்தால் எல்லோரையும் பொதுவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"இப்ப எத்தின பேர்?"

"என்னோட அஞ்சு."

"நீ இல்லாட்டி?"

கணக்கு எனக்கும் தெரியும்தானே.

"நான் அவங்ககிட்ட ஓமெண்டு சொல்லிட்டன்" என்றேன்.

"நீங்க சொன்னீங்க."

"இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்?"

"டீச்சராகலாம். ஒண்டும் கிடைக்காமலும் போகலாம்."

அவள் பொய் சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஓர் இடம் இருந்திருக்கும். வாசலில் இறக்கிவிட்டு, "நாலாம் வருஷம் படிக்க ஏலா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று முழுக்க மாடியில் நின்று தளம் கொட்டினோம். வெயில் கொங்கிறீட்டில் பட்டு முகத்துக்கு அடித்தது. அவளுடைய யோசனை வரவில்லை. பின்னேரம் கால் கழுவும்போதுதான் வந்தது.

ஒப்படை எழுதியே ஆக வேண்டும், சிறப்போ பொதுவோ. அவர்களுக்கு வரலாறு படிப்பிக்கிற சேர் வகுப்பில் சொன்னாராம்: நடந்ததைக் கண்ட ஒரு சாட்சி உயிரோடு இருக்கிற வரைக்கும் அது சமகாலம். கடைசிச் சாட்சியும் போய்விட்டால் அது வெறும் வரலாறு. அதனால் ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு சாட்சியைப் பிடித்துக் கேட்டு எழுத வேண்டும். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

முதலில் உம்மாவிடம் கேட்டாள்.

"எனக்கு ஞாபகமில்ல" என்று சொல்லிவிட்டு உம்மா அரிசி களையப் போய்விட்டார்.

ஆகவே நான்.

ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு புதுவீட்டின் முன்னறையில் இருந்தோம். கூரை இல்லை. சுவரின் நிழல் ஒரு பக்கம் விழுந்திருந்தது. நான் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தேன். அவள் போனை ஒரு கல்லின் மேல் வைத்தாள்.

"கடல் வந்த அண்டைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்ட."

"நான்?"

"தொட்டில்ல. ரெண்டு வயசும் இல்ல உனக்கு."

மற்றதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை லீவு. வாப்பா கரைவலைக்குப் போயிருந்தார். சத்தம் வந்தது. ஆட்கள் ஓடினார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், உம்மா பின்னால். பள்ளிவாசல் மாடியில் நின்றோம். தண்ணீர் வந்து திரும்பியது, பிறகும் வந்தது. வாப்பா வரவில்லை.

"வாப்பாட மையத்த நீங்க கண்டீங்களா, கேட்டீங்களா?"

எழுத்து வேலைக்காகத்தான் அப்படிக் கேட்டாள். ஆனாலும் அவளுடைய குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது.

"கண்டன்."

"எப்பிடித் தெரியும் வாப்பாதான் எண்டு?"

"பெல்ட்."

பச்சை நிறத்தில் அகலமான பெல்ட். சாரனுக்கு மேல் கட்டுவது, காசு வைக்கப் பை தைத்திருக்கும். கொழுவி உடைந்து, அதற்கு நான் கட்டிக் கொடுத்த கம்பி அதில் அப்படியே இருந்தது. உம்மாவைப் பார்க்க விடவில்லை. பெரிய ஆட்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் ஓம் என்றேன். அவர்கள் கொண்டுபோய் மண்ணில் வைத்தார்கள். அன்று நிறையப் பேரை வைத்தார்கள்.

"பிறகு பாடசாலைக்கு?"

"போகல. வீடு கட்ட வெளியூர் மேசன்மார் வந்தாங்க. கை தேவைப்பட்டிச்சு. நான் போனன்."

அவ்வளவுதான். அவள் போனை எடுத்து நிறுத்தினாள். நான் எழும்பிச் சுவருக்குத் தண்ணீர் அடித்தேன்.

அடுத்த கிழமை எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். சாட்சிக்கு வாசித்துக் காட்டிச் சரியா என்று கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. குசினி வாசலில் இருந்து வாசித்தாள். உம்மா வெளியே பைப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். எழுத்துத் தமிழில் என்னைப் பற்றிக் கேட்பது வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல இருந்தது. என்னை அவர் என்று எழுதியிருந்தாள்.

பெல்ட் வருகிற இடத்தில் பைப்பின் சத்தம் நின்றது.

"பெல்ட் எங்க?" என்று உம்மா கேட்டார்.

"அதோடயே வெச்சாங்க."

"சரி."

பைப் திரும்பவும் ஓடியது. இருபது வருடமும் உம்மா இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தங்கச்சி விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்துத் தொடர்ந்தாள்.

"தந்தையின் மறைவுக்குப் பின்னர் அவர் பாடசாலையை விட்டு விலகினார்."

"விலகல" என்றேன்.

"என்ன?"

"நான் விலகல. போகல."

"ரெண்டும் ஒண்டுதானே காக்கா?"

"இல்ல."

அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விடுகிற ஆள் இல்லை அவள்.

"விலகுறதெண்டா நான் முடிவெடுக்கணும். சேர்கிட்டப் போய்ச் சொல்லணும். நான் ஒண்டும் முடிவெடுக்கல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒருத்தரும் கேக்கவுமில்ல. ஒரு திங்கக்கிழமை போகல. செவ்வாயும் போகல. பிறகு அது தன்னால நிண்டிட்டு."

அவள் விலகினார் என்பதை வெட்டினாள். போகவில்லை என்று எழுதினாள்.

ஒப்படை திரும்பி வந்தபோது சேர் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை. சிறப்புக்குப் புள்ளி காணுமாக இருந்தது. அதைச் சொன்னாள். நாலாம் வருடத்தைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளிலும் அந்த நாட்களில் கதை குறைந்துவிட்டது. நேர் ரோட்டிலும் சும்மா வந்தாள்.

மாப்பிள்ளையின் மாமா வீடு பார்க்க வந்தது அந்த நாட்களில்தான். தகவல் சொல்லாமல் வந்தார். நான் முன்னறையில் நின்று பூசிக்கொண்டிருந்தேன். அவர் அறை அறையாகப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். முன்னறைக்கு வந்து ரோட்டுப் பக்கத்துச் சுவருக்கு முன்னால் நின்றார். அந்தச் சுவரில் நான் கொங்கிறீட் தட்டுகள் வைத்திருந்தேன், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. தங்கச்சி கேட்டு வைத்தது.

"இது என்னத்துக்கு? சட்டிபானை குசினியிலதானே வைக்கிறது?"

"புத்தகத்துக்கு."

"கெம்பஸ் முடிஞ்சாப் புத்தகம் என்னத்துக்கு மனே? இத உடைச்சிப் பெரிய கதவொண்டு வெச்சா, ரோட்டுப் பக்கம் கடை போடலாம். மாப்பிள்ளை அக்கரைப்பற்றுக்கு ஓடித் திரியத் தேவையில்ல."

சொன்னது பிழையில்லை. கடைக்கு நல்ல இடம்தான் அது.

"உடைக்க ஏலா" என்றேன்.

"மேசன் நீங்க. நீங்க கட்டினத உங்களால உடைக்க ஏலாதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"சுவரோட சேத்து வெச்சது. தட்டக் கழட்டினா சுவரையும் கழட்டணும்."

"அத பிறகு பாப்பம்." அவர் கையிலிருந்த சீமெந்துத் தூசியைத் தட்டினார். "புள்ளைக்கிட்டச் சொல்லிட்டீங்களா, நாலாம் வருஷம் இல்லையெண்டு?"

"ஏலா எண்டு சொன்னன்."

"என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல."

"அப்ப நல்லம். வேற ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. பேர் குடுக்கிற நாள் போனா அது தன்னால நிண்டிடும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். சண்டை சச்சரவு இல்லாமல் ஒரு காரியம் முடிகிற வழியைச் சொன்னார். வெளியே அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போன பிறகும் நான் பூச்சுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குழைத்த சாந்து இறுகத் தொடங்கிவிட்டது. அதை அள்ளிக் கொட்டிவிட்டுக் கரண்டியைக் கழுவினேன்.

மஹ்ரிப் தொழுதுவிட்டு வந்தேன். அவள் உம்மாவோடு குசினியில் இருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பேர் குடுக்கிற நாள் எப்ப?"

"வாற புதன்."

"என்ன செய்யப் போற?"

"நீங்க ஏலா எண்டு சொன்னீங்க."

"நான் சொன்னத விடு. நீ என்ன செய்யப் போற?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "ஒண்டும் செய்யல. குடுக்காம விட்டாச் சரிதானே."

"சரியில்ல. விலகுறதெண்டா விலகு. சேர்கிட்டப் போய் நான் வரல்ல எண்டு சொல்லிட்டு வா. மத்த நாலு பேருக்கும் சொல்லு. போகாம மட்டும் இரிக்காத."

துருவல் நின்றது.

"நான் போய் அப்பிடிச் சொல்ல மாட்டன்."

"அப்ப?"

"குடுக்கிறன்."

"சரி."

அவள் அழவில்லை. திரும்பவும் துருவத் தொடங்கினாள். உம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"நிந்தவூருக்கு ஆர் சொல்றது?"

"நான்தான்."

முதலில் மாப்பிள்ளையின் மாமாவிடம் போனேன். அஸர் முடிந்து பள்ளிவாசல் படியில் இருந்தார். நாலு வருடம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்டைக்கு ஓமெண்டு சொன்னீங்களே?"

"ஓம். சொன்னன். இப்ப இல்லெண்டு சொல்ல வந்தன்."

"அப்ப நாங்களும் யோசிக்கணும்."

"யோசிங்க."

யோசித்தார்கள். தரகர் போன் பண்ணினார். அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள் என்றார். அவருக்கு என்மேல் கோபம்.

"உடம்பு படிக்கிறாவெண்டே விட்டிருந்தா இந்நேரம் காவினுக்கு நாளே குறிச்சிரிக்கும். உண்மைய எடுத்து வெச்சி எல்லாத்தையும் கெடுத்தீங்க."

"ம்."

"அந்தக் காது கேக்காத மனிசி மட்டும் உங்கட தங்கச்சியக் கேட்டா. அந்த மையத்துப் புள்ளைக்குச் சலாம் சொல்லு எண்டா."

அதைத் தங்கச்சியிடம் சொன்னேன். வ அலைக்கும் ஸலாம் என்றாள். பிறகு நெடுநேரம் சிரித்தாள். உம்மாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக யாரும் சிரித்திருக்கவில்லை.

நிந்தவூருக்கு வெள்ளிக்கிழமை போனேன். பெண்ணின் வாப்பா வயல் செய்கிறவர். மருந்தடித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பிளேன்டி வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னும் ஒரு வருஷமா?"

"ஒண்டு. ஒண்டரையும் ஆகலாம். இனித் தங்கச்சிக்கு வேற இடமும் பாக்கணும்."

"நாங்க பெரும்போக அறுவடை முடிய எண்டு வெச்சிருந்தம், மருமகன்."

"ஓம்."

அவர் தன் வீட்டுப் பூச்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல பூச்சு. வேறு மேசன் செய்தது.

"பாப்பம்" என்றார்.

வாசலில் செருப்புப் போடும்போது உள்ளே ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அந்தப் பெண்ணோடு நான் கதைத்ததில்லை. ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

அறுவடை முடிந்த கையோடு அவளுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் நடந்தது. ஹார்ட்வெயார் கடையில் ஆணி வாங்கும்போது ஒருவர் சொன்னார். நல்ல இடம் என்றார். நான் ஆணியை நிறுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் வருடம் அப்படிப் போனது. வீட்டுக்குக் கூரை போட்டேன். யன்னல் இன்னும் இல்லை. சீமெந்து விலை ஏறிக்கொண்டே போனது, வேலை நாட்களும் குறைந்தன. தங்கச்சி புத்தகங்களை இப்போதே கொண்டுபோய் அந்தத் தட்டுகளில் வைத்துவிட்டாள். பொலித்தீனால் மூடியிருக்கிறாள். பகலில் அங்கேதான் இருந்து வாசிப்பாள். யன்னல் இல்லாததால் வெளிச்சம் நன்றாக வருகிறது என்கிறாள்.

நாலாம் வருடத்தின் முதல் நாள். வழக்கம்போல தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போனேன். காரைதீவில் தோளில் தட்டினாள்.

"காக்கா."

"ம்."

"ஒரு புள்ள வருவாவோ தெரியா. பொத்துவில் புள்ள. போன மாசம் நிக்காஹ் முடிஞ்சிது. போனும் எடுக்கிறா இல்ல."

"அவ வராட்டி?"

"நாலு."

"நாலுக்கு நடத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்க. முதல் நாள் ஆளக் கண்ணால காணணும் எண்டு சொல்லிட்டாங்க. பேர் குடுத்தது கணக்கில்லையாம்."

நிந்தவூர் வந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கெம்பஸ் வாசலில் இறங்கியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் நில்லுங்க காக்கா. நடக்கல்லியெண்டா நானும் உங்களோட திரும்பி வாறன்."

"எப்பிடித் தெரியும் எனக்கு?"

"மெசேஜ் போடுறன்."

அவள் உள்ளே போனாள். எதிர்ப்பக்கம் வேப்பமரம் ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிளை அதன் கீழே நிறுத்தினேன். முழங்கால் வலித்தது. சீற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தேன். மாடி வீட்டைக் குத்தகைக்கு வேலை எடுத்த ஆள் போன் பண்ணினார். சாந்து குழைத்தாகிவிட்டதாம், எங்கே நிற்கிறாய் என்றார். வாறன் என்றேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். எல்லோருக்கும் ஒரே வயது, ஒரே பை. இவர்களில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

பிறகு கூட்டம் குறைந்தது. வாசல் காவலாளி கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டார். போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

தெற்குப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. ஒருவர் இறங்கினார், கையில் ஒரு பெண்பிள்ளையின் பை. பின்னால் ஒரு பிள்ளை இறங்கினாள். விரல் நுனிகளில் மருதோண்டி மங்கிப் போயிருந்தது. வாசல் வரைக்கும் கூட வந்து அவர் பையைக் கொடுத்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மணிக்கூட்டைக் காட்டினார். அவள் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். அவர் இந்தப் பக்கம் கடந்து வந்து என் மரத்தின் கீழேயே நின்றார்.

"இங்கால பொத்துவில் பஸ் நிக்குமா காக்கா?"

"கை காட்டினா நிக்கும்."

"ரெண்டு பஸ் மாறி வந்தம். பிந்திட்டு" என்றார்.

"ம்."

இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய பஸ் வந்தது. கை காட்டி ஏறிப் போனார். வேலை எடுத்த ஆள் திரும்பவும் போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை.

சட்டைப் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. வெளிச்சத்தில் எழுத்துத் தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தேன். சலாம் இல்லை, காக்கா இல்லை. ஓர் இலக்கம் மட்டும்.

5.